நாக்கில் ஒட்டாத பில்லை

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'ஓய்வு பெற்ற சென்சார் பிரிவுப் பொறுப்பாளர்' என்று போட்டிருந்தார்கள். எனக்கு வயது முப்பத்திநான்கு. செராமிக் டிப்ளமா படிக்கும் பெண்களிடம் அரை மணி நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளினாள்.

"மேடம், ரிட்டயர்டுன்னு போட்டிருந்துச்சா, நாங்க வயசானவங்க வருவாங்கன்னு குஷன் சேரெல்லாம் தேடிக் கொண்டாந்து போட்டோம்."

"போட்டது போட்டதாவே இருக்கட்டும், ஒக்காந்துக்கிறேன்" என்றேன். சிரித்தார்கள்.

'விருப்ப ஓய்வு' என்பது கம்பெனி கொடுத்த தாளில் இருந்த வார்த்தை. யாருடைய விருப்பம் என்று அதில் எழுதவில்லை. அதைப் பார்த்துத்தான் அழைப்பிதழிலும் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பெண்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நாடு முழுக்க சிப் கம்பெனிகள் வருகின்றனவாம், சம்பளம் நன்றாக இருக்குமாம், உள்ளே வேலை எப்படி இருக்கும்? அரை மணியில் அதைச் சொல்ல முடியவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மிச்சம் இது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா வேப்பூர் பக்கம் லாரிகளுக்குப் பாரம் ஏற்றுவார். அம்மா அஞ்சலை, ஊரில் உள்ள பீங்கான் பட்டறைகளில் ப்யூஸ் கட்டை பொறுக்கி எடுக்கும் வேலை செய்தாள். நான் செராமிக் டிப்ளமா முடித்த வருடம், பீங்கான் பட்டறைகளுக்கு நடுவே வெள்ளைச் சுவரோடு ஒரு கம்பெனி வந்தது. அழுத்தத்தை அளக்கும் சென்சார் செய்யும் கம்பெனி. மூச்சு விடச் சிரமப்படும் நோயாளிக்கு மாட்டுகிற கருவிக்குள், காற்று எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்று சொல்கிற பொருள். சுண்டுவிரல் நகத்தில் நாலில் ஒரு பங்கு இருக்கும். அதைச் செய்ய ஆள் எடுத்தார்கள். எடுத்த பதினொரு பேரில் டிப்ளமா படித்தவள் நான் ஒருத்தி. மற்றவர்கள் பள்ளிக்கூடம் முடித்த பெண்கள். மூன்று மாதம் பயிற்சி என்றார்கள். தொப்பி போடவும், நடக்கவும், இருமாமல் இருக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வேலையைக் கற்றுக்கொடுத்தவர் சேகரன் சார். அவர்தான் மேனேஜர். சென்னைக்காரர், ஒல்லியான ஆள், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எதையாவது சொல்லப்போகுமுன் கண்ணாடியைக் கழற்றுவார், சட்டை நுனியால் அல்ல, பையில் தனியாக மடித்து வைத்திருக்கும் துணியால் துடைப்பார், போட்டுக்கொள்வார், பிறகுதான் பேச்சு. நாம் எது சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "எப்படித் தெரியும்?" சிலிக்கான் தகடு காய்ந்துவிட்டது சார் என்றால், எப்படித் தெரியும்? சூடு சரியாக இருக்கிறது சார் என்றால், எப்படித் தெரியும்? மீட்டர் காட்டுகிறது சார் என்றால், மீட்டர் சரி என்று எப்படித் தெரியும்? ஆரம்பத்தில் அந்தக் கேள்விக்கு அழுத பெண்கள் உண்டு. எனக்குப் பிடித்திருந்தது. அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எங்கள் பக்கம் 'உனக்கு என்ன தெரியும்' என்றுதான் கேட்பார்கள்.

எங்களுக்கு வரும் சிலிக்கான் வேஃபர் முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் ஒரு வட்டத் தகடு. அதன் ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மின்தடைகளை வேறு ஊரில் பதித்து அனுப்பியிருப்பார்கள். மறுபக்கத்தில் குழி வெட்டுவது எங்கள் வேலை. உளியால் வெட்டுவதில்லை, பொட்டாஷ் என்ற காரக் கரைசலில் வெட்டுவோம். குழி வேண்டாத இடத்தையெல்லாம் ஒரு மெல்லிய படலம் மூடியிருக்கும். வேஃபரை டெஃப்லான் தொட்டிலில் நிறுத்தி, சூடான கரைசல் தொட்டியில் இறக்கினால், திறந்திருக்கும் சின்னச் சின்னச் சதுரங்களிலிருந்து சோடா பாட்டிலைத் திறந்த மாதிரிக் குமிழி கிளம்பும். சிலிக்கான் தன் படிகத்தின் போக்கில்தான் கரையும். நேர்ச் சுவராக வெட்டாது, சாய்வாக இறங்கி, கவிழ்த்த கோபுரம் போலக் குழி விழும். அடியில் தலைமுடியில் ஐந்தில் ஒரு பங்கு கனத்துக்கு ஒரு தோல் மிஞ்ச வேண்டும். அந்தத் தோல்தான் சென்சார். காற்று அழுத்தினால் அது வளையும். வளைந்தால் மின்தடை மாறும். கொஞ்சம் கூடக் கரைந்தால் கிழிந்துபோகும், குறைந்தால் விறைத்து நிற்கும்.

எப்போது நிறுத்துவது? கடிகாரம் இருந்தது, மீட்டர் இருந்தது. சார் அவற்றோடு விடமாட்டார். வேஃபரை எடுத்து, மூன்று முறை தண்ணீரில் முக்கி, ஒரு விளக்குக்கு முன்னால் பிடிக்கச் சொல்வார். சிலிக்கான் இரும்பு மாதிரி இருட்டானது, ஒளி நுழையாது. ஆனால் அவ்வளவு மெல்லியதாகிவிட்டால் சிவப்பை மட்டும் விடும். வட்டம் முழுக்க இருட்டில் சின்னச் சின்னச் சிவப்புச் சன்னல்கள் எரியும். முதல் தடவை பார்த்தபோது வேஃபரை விளக்கிலிருந்து இறக்கவே மனம் வரவில்லை.

"என்ன கலர்?" என்றார் சார்.

"சிவப்பு சார்."

"எந்தச் சிவப்பு?"

"செங்கல்... இல்ல சார், அதைவிட இருட்டு. பழைய குங்குமம் மாதிரி."

"அப்ப இன்னும் கொஞ்சம் இருக்கு. மறுபடியும் இறக்கு. ஆரஞ்சு வந்துட்டா போச்சு, நாம வூட்டுக்குப் போக வேண்டியதுதான்." எங்கள் பேச்சை அவர் பேசிக் காட்டிய ஒரே தடவை அது.

இரண்டு வருடத்தில் அந்தத் தொட்டிக்கு நான் பொறுப்பாளர் ஆனேன். கதவில் என் பெயர் இருந்தது. அந்தக் கதவைப் பார்க்க அப்பாவை ஒருநாள் கூட்டிவந்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்த எழுத்தில் ஆரம்பிக்கிறது என்று விரலால் காட்டச் சொன்னார்.

அம்மா அதே கம்பெனியில்தான் வேலை செய்தாள். ஆனால் வேறு வாசல். குழி வெட்டிய வேஃபரைக் கண்ணாடித் தகட்டோடு ஒட்டி, துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் நான்கு உலோகக் கால்கள் பொருத்திய ஒரு பீங்கான் பில்லை மேல் உட்கார வைப்போம். அந்தப் பில்லைகள் நம்மூர்ச் சூளையிலேயே வெந்து வரும். நன்றாக வேகாத பில்லை ஈரத்தை உறிஞ்சும். அதைக் கண்டுபிடிக்கப் பட்டறைப் பெண்களுக்கு ஒரு வழி உண்டு. நாக்கு நுனியில் வைப்பார்கள். வேகாதது நாக்கில் ஒட்டும். வெந்தது வழுக்கும். பீங்கான் பட்டறையில் பிழைத்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். இதை ஒரு வித்தை என்றுகூட யாரும் சொல்வதில்லை. அம்மா கடையில் டம்ளர் வாங்கினாலும் முதலில் நாக்குத்தான் நீளும். கடைக்காரர் முறைத்தால், "ஒட்டுனா ஒன் தலையில கட்டிட்டுப் போவேன்" என்பாள்.

சேகரன் சார் சூளைக்குப் பில்லை பார்க்கப் போனபோது அம்மாவின் கை வேகத்தைப் பார்த்திருக்கிறார். சாயத்தில் ஊறவைத்துப் பார்க்கும் சோதனைக்கு மருந்தும் ஆளும் வேண்டும், ஒருநாளும் ஆகும். அம்மா ஒரு கூடையை ஒரு மணி நேரத்தில் முடித்தாள். அவரே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தால் கொட்டகைக்கும் கூட்டிவருவார். "திஸ் இஸ் அவர் ஃபாஸ்டஸ்ட் இன்ஸ்ட்ருமென்ட்" என்று அம்மாவைக் காட்டுவார். அவர்கள் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். அவர் சொன்னதன் அர்த்தத்தை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

கொட்டகையிலிருந்து வரும் பில்லைகளை உள்ளே எடுக்குமுன், உப்பு முழுவதும் நீக்கிய தண்ணீரில் கொதிக்கவைத்து, அடுப்பில் உலர்த்துவோம். அது வழக்கம். கடந்த கோடையில் போர்த் தண்ணீர் இறங்கிப்போய், வந்ததும் உப்பாக வந்தது. சுத்தமான தண்ணீர் வேஃபர் கழுவவே போதவில்லை. மூச்சுக் கருவிக் கம்பெனி ஒன்றுக்குப் பெரிய லாட் சரக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. "பில்லையை ஸ்பிரிட்ல தொடச்சிட்டா போதும்" என்றார் சார். துடைத்தோம். பளிச்சென்று இருந்தது.

அந்த லாட் திரும்பி வந்தது.

கோளாறு இதுதான்: மின்சாரம் கொடுத்து, ஈரமும் சூடுமாக உள்ள பெட்டிக்குள் வைத்தால், காற்றே இல்லாத நேரத்திலும் சென்சார் அழுத்தம் இருப்பதாகச் சொன்னது. காட்டிய அளவு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போனது; சென்சார் நகர்கிறது என்போம். ஒரு நோயாளி மூச்சு விடாதபோதும் விடுகிறார் என்று சொல்லக்கூடிய கோளாறு.

உப்பு என்றார் சார். அது சரிதான். எங்கோ உப்பு ஏறியிருக்கிறது. எங்கிருந்து? முதலில் என் தொட்டியைப் பார்த்தார்கள். பொட்டாஷ் சரியாகக் கழுவப்படவில்லையோ என்று. முன்பு கோளாறில்லாமல் போன பழைய வேஃபரில் இப்போது செய்த சென்சாரும் நகர்ந்தது, ஆகவே நான் தப்பினேன். அடுத்தது பெண்கள். பொட்டு வைக்கக்கூடாது, பவுடர் கூடாது, மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வரக்கூடாது என்று ஏற்கெனவே விதி. இப்போது வாசலில் நிறுத்தி ஈரப் பஞ்சால் முகத்தைத் துடைத்துப் பார்க்கச் சொன்னார் சார். சென்சார் துண்டுக்குத் தங்கக் கம்பி இணைக்கும் மேசையில் இருந்த பர்வீனின் பஞ்சில் வெள்ளை வந்தது. மங்கலம்பேட்டைப் பெண், வாப்பா குவைத்தில் இருந்தார், இவள் சம்பளத்தில்தான் தம்பி படித்தான். முந்தின இரவு கல்யாண வீடு ஒன்றுக்குப் போயிருந்தாள்.

"நேத்து போட்ட பவுடர் சார், கழுவிட்டுத்தான் வந்தேன்."

சார் கண்ணாடியைத் துடைத்தார். "இந்த வாரத்துக்குள்ள காரணம் தெரியலேன்னா, பர்வீன் முதல்ல போகணும். அப்புறம் உங்க பேட்ச் முழுக்க. வெளியிலேர்ந்து பசங்களைக் கொண்டுவருவோம். வாங்குறவங்க கேக்குறாங்க, நான் என்ன பண்ண?"

வெளியே வந்ததும் பர்வீன் என் கையைப் பிடித்தாள். "மலரு, ஒரு பவுடர் டப்பாவுக்கு இவ்ளோ சக்தி இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா, எங்க மாமியா தலையில கொட்டிருப்பேன்டி." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிடித்த கையை விடவில்லை.

எப்படித் தெரியும்? நான் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டேன். பில்லை இல்லாத வெறும் துண்டை அந்தப் பெட்டிக்குள் வைத்தேன். நகரவில்லை. அப்படியானால் உப்பு பில்லையில் இருக்கிறது, பர்வீனின் கன்னத்தில் இல்லை. பில்லைகளைச் சுத்தமான தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று மீட்டரில் பார்த்தேன். தண்ணீரில் உப்பு இருந்தால் முள் ஏறும். ஏறியது. சூளையிலிருந்து வந்து பிரிக்காத மூட்டையின் பில்லைகளைக் கொதிக்கவைத்தேன். ஏறவில்லை. சூளைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு மேசைதான் இருந்தது.

அந்த மேசையில் நடக்கும் நாக்குச் சோதனை எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். எச்சிலில் உப்பு உண்டு என்பது பள்ளிக்கூடப் பாடம். ஸ்பிரிட் அழுக்கை எடுக்கும், உப்பை எடுக்காது என்பது டிப்ளமாப் பாடம். அன்றைக்குத்தான் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன.

சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என் எச்சிலாலயா அந்த மிஷினு கெட்டுப்போச்சு?"

"எச்சிலால இல்லம்மா. கழுவாததால. இத்தன வருஷமா நீ வச்சிப் பாத்தது எல்லாம் கழுவித்தான் போச்சு. ஒன்னும் ஆவல."

"கழுவ வேணாம்னு யாரு சொன்னது?"

"சாரு."

"நாக்குல வையின்னு சொன்னது?"

"அதும் சாருதான்."

"அப்ப போயி சொல்லு. என்ன பண்ணுவாரு?"

"கழுவச் சொல்லுவாரு."

"என்னயா, பில்லையயா?" என்று கேட்டுவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள். பிறகு வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "பர்வீனு வேல போவாதுல்ல?"

"போவாது."

"எனக்கு?"

"உனக்கு ஏம்மா போவுது? உன்மேல தப்பு இல்லன்னு என்கிட்ட அளவு இருக்குது."

எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் கற்றுக்கொடுத்த முறைப்படி ஒவ்வொன்றாக நிரூபித்திருந்தேன். நிரூபித்தால் போதும் என்றுதான் அவரும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

மறுநாள் காலை அவர் அறையில் சொன்னேன். வெறும் துண்டு, கொதித்த தண்ணீர், பிரிக்காத மூட்டை, கழுவாமல் விட்டது, கடைசியாகக் கொட்டகை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். 'எப்படித் தெரியும்' என்பதற்காகக் காத்திருந்தேன். எல்லாப் பதிலும் கையில் இருந்தது.

"யார் யாருக்குத் தெரியும்?" என்றார்.

அந்த வாரக் கடைசியில் அம்மா பின்வாசலுக்குப் போனபோது, காவலாளி, "அஞ்சலக்கா, உங்கள உள்ள வுட வேணாம்னுட்டாங்க, எனக்கு ஒன்னும் தெரியாது" என்றிருக்கிறார். சாப்பாட்டுத் தூக்கோடு திரும்பி நடந்திருக்கிறாள். நான் அப்போது உள்ளே, முகமூடியும் தொப்பியுமாக, வேஃபரை விளக்குக்கு எதிரே பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியவில்லை. பகல் பன்னிரண்டரைக்குக் கொட்டகைக்குப் போனபோது மேசை காலியாக இருந்தது.

வாங்குகிற கம்பெனியின் ஆட்கள் இருவர் விசாரிக்க வந்தார்கள். கூட்டத்தில் சார் படம் போட்டு விளக்கினார். என் அளவுகள் எல்லாம் அதில் இருந்தன, நான் வரைந்த கோடுகள்தான். கடைசிப் பக்கத்தில், 'பயிற்சியில்லாத உள்ளூர்த் தொழிலாளி ஒருவரின் அனுமதியற்ற சுகாதாரமற்ற பழக்கம்' என்று இங்கிலீஷில் இருந்தது. தண்ணீரில் கழுவுவதை நிறுத்தியது பற்றி ஒரு சொல் இல்லை.

நான் எழுந்தேன். இங்கிலீஷில்தான் பேசினேன். இலக்கணம் தவறாமல் பேச வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தேன். அந்தத் தொழிலாளி என் அம்மா என்றேன். அந்தப் பழக்கத்துக்காகவே அவளை வேலைக்கு எடுத்தார்கள் என்றேன். போன தடவை வந்தவர்களுக்கு அவளைக் காட்டினார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள் என்றேன். தண்ணீரில் கழுவிய வரைக்கும் ஒரு சென்சாரும் நகரவில்லை, அதற்கும் அளவு இருக்கிறது என்றேன். சார் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்களில் மூத்தவர் பொறுமையாகக் கேட்டார். தலையை ஆட்டினார். அவருக்கு அம்மாவை நினைவிருந்தது. லேசாகச் சிரித்தார்.

"இப்போது கழுவுகிறீர்களா?" என்று சாரைக் கேட்டார்.

"கழுவுகிறோம்."

"அந்தத் தொழிலாளி?"

"இல்லை."

"அப்படியானால் காரணம் நீக்கப்பட்டது" என்று சொல்லி, பேனாவை மூடினார். டீ வந்தது. எனக்கும் ஒரு கப் வைத்தார்கள்.

கழுவும் வேலை திரும்ப வந்தது. அம்மா திரும்ப வரவில்லை. பர்வீனின் வேலை தப்பியது. அவள் அம்மாவைப் பார்க்க வந்து, வாசலிலேயே நின்று அழுதாள். "உள்ள வாடி, நான் என்னா செத்தா பூட்டேன்" என்று அம்மா திட்டித்தான் உட்கார வைத்தாள். கூட்டத்தில் பேசியதற்காக என்னை யாரும் எதுவும் செய்யவில்லை. சார் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். வேஃபரை விளக்கில் பார்க்க மட்டும் அதன்பிறகு என் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. சில மாதத்தில் அவருக்குப் பெரிய பதவி கிடைத்தது. எந்திரங்களையும் மேற்கே, தண்ணீர் நல்லதாக வரும் ஓர் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்களுக்கு விருப்ப ஓய்வு. பர்வீன் இப்போது மங்கலம்பேட்டையில் செல்போன் கடையில் கண்ணாடி மாற்றுகிறாள். அவள் கைக்கு அது ஒரு வேலையே இல்லை.

கடைசி நாள் ஆளுக்கொரு நினைவுப் பரிசு கொடுத்தார்கள். கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக் கட்டி, நடுவில் நாங்கள் செய்த சென்சார் ஒன்று. வீட்டில் அம்மாவிடம் கொடுத்தேன். அத்தனை வருடத்தில் முழுச் சென்சாரை அவள் பார்த்ததில்லை. அவள் மேசையைத் தாண்டிப் போனது எதுவும் திரும்பி வந்து அவள் கண்ணில் பட்டதில்லை.

"இதான் மூச்சப் பாக்குறதா? இம்மாந்தூண்டா?" திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடியில வெள்ளையா இருக்குதே, அது நம்ம பில்லையா?"

"ஆமா."

கை தானாக வாய்க்குப் போனது. நாக்கு நுனி பிளாஸ்டிக்கில் பட்டது. சட்டென்று எடுத்து, என்னைப் பார்த்துவிட்டு, முந்தானையால் துடைத்தாள். அவள் எதையாவது நாக்கில் வைத்த பிறகு துடைத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"மூடி வச்சிட்டானுவ. வெந்துச்சா வேவலையான்னு எப்படிப் பாக்குறது?"

"வெந்ததுதாம்மா. நீ பாத்ததுதான்."

"நான் பாத்ததுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு நான் பதில் இல்லாமல் நின்றதில்லை. அன்றைக்கும் பதில் தெரிந்தே இருந்தது. அம்மா பார்த்துத் தேர்ந்த பில்லைகள் அத்தனையையும், கழுவினால் போதும் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், கொட்டகைக்குப் பின்னால் குழிதோண்டிக் கொட்டி மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். கட்டிக்குள் இருந்தது அதற்குப் பிறகு வந்த பில்லை.

கட்டியை வாங்கி, டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.